நாகர்கோவில்ல வாங்குன ஃபர்ஸ்ட் காப்பி ஜோர்டான் ஷூ, வாங்கலாமா?

தம்பி ப்ளஸ் ஒன் சேர்ந்ததுல இருந்து ஒரே பாட்டு, ஜோர்டான் வேணும், கிளாஸ்ல எல்லாவனும் போட்டுருக்கானுவன்னு. எல்லாவனும்னா ரெண்டே ரெண்டு பேரு, அது பொறவுதான் தெரிஞ்சுது. ஒரிஜினல் பத்தாயிரத்துக்கு மேல, அப்பாகிட்ட வாயே தொறக்க முடியாது, அதனால விஷு கைநீட்டம் கிடைச்ச காசு, அம்மாச்சி கொடுத்தது எல்லாம் சேத்து வச்சி வடசேரி பக்கம் ஒரு கடையில (பேரு வேண்டாம்) 1,800 ரூபாய்க்கு ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது ஒரிஜினல் மாதிரியே செஞ்ச டூப்ளிகேட், எடுத்தான்.

பாக்க சூப்பர்தான், பொய் சொல்லக்கூடாது. 1985ல பாஸ்கெட்பால் வீரர் மைக்கேல் ஜோர்டானுக்காக நைக்கி கம்பெனி கொண்டுவந்த அதே கருப்பு சிவப்பு, டப்பா முதல்கொண்டு அப்படியே இருக்கு. கடைக்காரரும் காப்பின்னு சொல்லிதான் வித்தாரு, அதுல குத்தம் இல்ல. ஆனா "மழையில போட்டாலும் ஒண்ணும் ஆவாது மக்கா"ன்னு ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுதான்.

நம்ம ஜில்லாவுக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஜூன் மழை நாலு நாள் விடாம பெஞ்சுது, குலசேகரம் பஸ் ஸ்டாண்டுல வச்சி வலது கால் ஷூ முன்னாடி தவளை மாதிரி வாயப் பொளந்துட்டு. பய ஒரு கைல ஷூவ தூக்கிட்டு வீட்டுக்கு வாறான், அழுவவும் முடியல.

எங்க மாமா ரப்பர் பால் வெட்டப் போற ஆளு. ஷூவோட சோல், அதான் அடிப்பாகம், அதைப் பிடிச்சி ஒரு வளைப்பு வளைச்சாரு, வளைஞ்ச எடத்துல வெள்ளையா கோடு விழுந்திச்சு. "லே, இதுல ரப்பரே இல்லியே, வெறும் பிளாஸ்டிக்கு"ன்னாரு. அதைவிட கொடுமை சைடுல இருக்க தையல். ஒரிஜினல்ல சோலையும் மேல் பாகத்தையும் சேத்து நூல் போட்டு தைச்சிருக்கும், இதுல தையல் மாதிரி அச்சுதான் இருக்கு, நூலே கிடையாது, பசைய நம்பிதான் மொத்த ஷூவும் நிக்குது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல செருப்பு தைக்கிற அண்ணன் அந்த அச்சுப் பள்ளத்துலயே நெசமான நூல் விட்டு சுத்தி தைச்சி தந்தாரு, 150 ரூபா, இப்பம் கல்லு மாதிரி நிக்குது. அஞ்சு ஸ்டார் அவருக்குதான்.

கடையில கொண்டு போய் கேட்டோம், பில்லு இல்ல, எக்ஸ்சேஞ்ச் இல்ல, "காப்பிக்கு கேரண்டி உண்டுமா"ன்னு சிரிக்காரு. அதே 1,800க்கு நம்ம ஊரு கம்பெனி ஷூ, தச்ச சோலோட, பில்லோட கிடைக்கும். இந்தக் கடையில வீட்டுக்குப் போடுற ரப்பர் செருப்பு கொள்ளாம், அதுக்கு வேணா போங்க, ஷூவுக்கு வேண்டாம்.

போன வாரம் தங்கச்சிக்கு ஸ்கூல் ஷூ எடுக்க வேற கடைக்குப் போனோம். தம்பி கலரையே பாக்கல, ஒவ்வொண்ணா மறிச்சிப் போட்டு நகத்தால தையலக் கிள்ளிப் பாத்துட்டு நிக்கான், கடைக்காரருக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு.