முன்தீர்ப்பு தேட எதை நம்பலாம்? புத்தகம், இலவசத் தளம், கட்டணத் தளம், ஏஐ

திருப்பூரில் துணி சப்ளை செய்பவர் ஒருவர். மதுரை வியாபாரி கொடுத்த செக்கைத் தன் திருப்பூர் வங்கிக் கணக்கில் போடுகிறார். பணமில்லை என்று திரும்பி வருகிறது. வழக்கைத் திருப்பூரில் போடுவதா, மதுரையில் போடுவதா? சீனியரிடம் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஜூனியரின் மேசைக்கு வந்துவிடும் கேள்வி இது.

2014 ஆகஸ்டில் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம், செக் கொடுத்தவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் வழக்கு என்றது. அதன்படி மதுரை. அப்புறம் 2015இல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தி 142(2) பிரிவைச் சேர்த்தார்கள். கணக்கின் வழியாக வசூலுக்குப் போட்ட செக் என்றால், பணம் பெற வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளையின் ஊர். அதாவது திருப்பூர். தீர்ப்பை மட்டும் படித்து, திருத்தத்தைத் தவறவிட்டவர் கட்சிக்காரரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரைக்கு அலைய வைப்பார். முன்தீர்ப்பு, அதாவது நம் வழக்குக்கு முன்னுதாரணமாகக் காட்டும் பழைய தீர்ப்பு, தேடும் நான்கு வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் புத்தகம். தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதல் வருகிறது. பார் அசோசியேஷன் நூலகத்தில் உட்கார்ந்து ஹெட்நோட் (தீர்ப்பின் தலையில் அச்சிடும் சுருக்கம்) படித்துப் பழகியவர்களுக்கு ஒரு தீர்ப்பின் சாரத்தைப் பிடிக்கும் கை வந்துவிடும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2014 தொகுதிக்கு 2015 தெரியாது. என் சீனியர் பழைய தொகுதிகளின் ஓரத்தில் பென்சிலால் ‘142(2) பார்’ என்று குறித்து வைப்பார். அந்தக் குறிப்பு இருக்கும் புத்தகம் கையில் கிடைத்தால் தப்பித்தோம்.

இலவசத் தளங்கள் இன்று போதுமான அளவு நல்லவை. சுஷாந்த் சின்ஹா 2008இல் தொடங்கிய இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடுதளம் இல்லாத வக்கீல் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் இ-எஸ்சிஆர் தளத்தைத் திறந்து, தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டை யாரும் காசில்லாமல் படிக்க வைத்தது. நம் செக் கேள்வியைத் தேடினால் தஷ்ரத் ரூப்சிங் முன்வரிசையில் வந்து நிற்கும். அதைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துப் பேசின என்ற பட்டியலும் கிடைக்கும். அந்தப் பட்டியலைத் திறந்து, 2015க்குப் பிறகு வந்தவற்றைப் படிக்கிற உழைப்பு மட்டும் நம்முடையது.

அந்த உழைப்பைத்தான் எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்கள் மிச்சப்படுத்துகின்றன. ஒரு தீர்ப்பு பின்னால் மறுக்கப்பட்டதா, ஏற்கப்பட்டதா என்று ஆள் வைத்துக் குறித்துத் தருகிறார்கள். வசதிதான். ஆனால் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாயும், சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருமானத்தில் தனியாகச் சந்தா கட்டச் சொல்வது நியாயமில்லை. பார் அசோசியேஷனில் பொதுவாக ஒன்று வாங்கி வைக்கலாம்.

இனி ஏஐ. இதைப் பற்றித்தான் ஜூனியர்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். கேள்வியைத் தமிழில் தட்டினால் சில நொடிகளில் கோர்வையான பதில், கீழே மூன்று சைட்டேஷன், அதாவது தீர்ப்பு எங்கே அச்சாகியிருக்கிறது என்ற குறிப்பு. 142(2)ஐச் சரியாகவே சொல்லவும் கூடும். சிக்கல் அந்த மூன்று சைட்டேஷனில் இருக்கிறது. ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜூனியர் கொண்டுவந்ததைச் சரிபார்த்தேன். வழக்கின் பெயர் உண்மை, ஆண்டும் உண்மை. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரு நில எடுப்பு வழக்கு. பாவம், அவருக்கு அன்று காலையே வாதம் இருந்தது.

அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதும் இயந்திரம் அது. வழக்குப் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று சைட்டேஷனுக்கு ஓர் அச்சு உண்டு. அந்த அச்சில் புதிதாக ஒன்றை வார்ப்பது அதற்குச் சுலபம். நியூயார்க்கில் 2023இல் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இப்படிப் பிறந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்தவர்களுக்கு 5,000 டாலர் அபராதம். லண்டன் உயர் நீதிமன்றம் 2025இல் விசாரித்த ஒரு விவகாரத்தில் 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் உலகத்திலேயே இல்லை. பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயத்தின் 2024 டிசம்பர் உத்தரவு ஒன்றிலும் இல்லாத தீர்ப்புகள் ஏறி, உத்தரவே திரும்பப் பெறப்பட்டது. சட்டத்துக்கென்றே செய்த கட்டண ஏஐகளும் விலக்கல்ல. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2024இல் சோதித்தபோது அவை 17 முதல் 33 சதவீதக் கேள்விகளில் தவறின.

நம் ஊரில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போய்விட்டது. ஏஐ படித்து வளர்ந்த தீர்ப்புகளில் பெரும்பாலானவை பழைய எண்ணில் பேசுபவை. பிரிவு எண்ணை அதனிடம் கேட்டு மனுவில் போடாதீர்கள்.

இதற்காக ஏஐயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் கையில் இருக்கும் வழக்குக் கட்டைப் படித்துத் தேதிவாரியாகப் பட்டியல் போடு என்றால் அருமையாகப் போடும். நாற்பது பக்கச் சாட்சியத்தில் எதிர்த்தரப்பு எங்கெங்கே முரண்படுகிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். மூலம் பக்கத்திலேயே இருப்பதால் தப்பு இருந்தால் உடனே தெரியும். மொழிபெயர்ப்புக்கும் உதவும், ஆனால் பத்திரங்களில் கவனம் வேண்டும். பழைய கிரயப் பத்திரத்தில் ‘ராமசாமி நிலத்துக்கு வடக்கு’ என்று எல்லை சொன்னால், நம் சொத்து அவர் நிலத்துக்கு வடக்கே இருக்கிறது என்று பொருள். அவர் நிலம் நமக்குத் தெற்கு எல்லை. இதை ‘வடக்கு எல்லை ராமசாமி நிலம்’ என்று ஆங்கிலத்தில் மாற்றினால் சொத்து விவரமே தலைகீழாகிவிடும். விடுதலைப் பத்திரம் என்றால் பாகத்தை விட்டுக்கொடுப்பது என்பதும் அதற்குப் புரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கட்சிக்காரரின் பெயர், முகவரி, நம்மிடம் ரகசியமாகச் சொன்னது எதையும் இலவச ஏஐயில் ஒட்டக் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த கொள்கை, முடிவெடுக்கவோ தீர்ப்பெழுதவோ ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. நீதிபதிக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் நமக்கும் வேண்டும்.

என் ஜூனியர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் சட்டப் பிரிவை, திருத்தம் சேர்ந்த பதிப்பில், நீங்களே வாசியுங்கள். அப்புறம் இலவசத் தளம். தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் நூலகத்துக் கட்டணத் தளம். ஏஐ ஒரு தீர்ப்பின் பெயரைச் சொன்னால், அதைத் தேடிப் பிடித்து, முழுதாகப் படித்து, அச்செடுத்த பிறகுதான் அது மனுவில் ஏறலாம்.

திருப்பூர்க்காரர் விஷயத்துக்கு 142(2) பிரிவும், திருத்தத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரிட்ஜ்ஸ்டோன் இந்தியா தீர்ப்பும் போதும். செக் திரும்பியதாக வங்கி சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதால், முதலில் திரும்பிய செக்கோடு வங்கி தரும் ரிட்டன் மெமோவில் உள்ள தேதியைப் பாருங்கள்.