ஃப்ரிட்ஜும் ஏசியும்: நாலு நாடுகள், நாலு பாதைகள்

ஒரு நாடு வருஷத்துக்கு எத்தனை ஏசி செய்கிறது என்பதை வைத்தே பலரும் ஒப்பிடுகிறார்கள். அந்த ஏசிக்குள் கேஸை அழுத்திச் சுற்றவிடும் முக்கியப் பாகமான கம்ப்ரசரை யார் செய்தார்கள் என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

முதலில் ஜப்பான். 1950களில் டிவி, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் மூன்றையும் அங்கே ‘மூன்று பொக்கிஷங்கள்’ என்றார்கள். 1985க்குப் பிறகு ஜப்பான் நாணயமான யென்னின் மதிப்பு ஏற, அங்கே செய்து ஏற்றுமதி செய்வது கட்டுப்படியாகாமல் ஆலைகள் தாய்லாந்து, மலேசியா என்று நகர்ந்தன. அப்புறம் கம்பெனிகளே கைமாறின. சான்யோவின் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் தொழிலை சீனாவின் ஹையர் வாங்கியது. தோஷிபாவின் வீட்டுச் சாதனப் பிரிவில் பெரும்பங்கு 2016இல் இன்னொரு சீன நிறுவனமான மிடியாவிடம் போனது. டைக்கினோ ஏசியை விடாமல் பிடித்துக்கொண்டு உலக அளவில் நிற்கிறது.

கொரியா ஆலைகளை வெளியே கொண்டுபோனாலும் பிராண்டை விற்கவில்லை. வாஷிங் மெஷின் இறக்குமதிக்கு அமெரிக்கா 2018இல் கூடுதல் வரி போட்டபோது, சாம்சங் அங்கேயே தென் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் உற்பத்தியில் இறங்கின.

சீனாவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். 1985இல் சிங்டாவ் நகர ஆலை ஒன்றில் பழுதான 76 ஃப்ரிட்ஜ்களை ஊழியர்களை வைத்தே சம்மட்டியால் உடைக்க வைத்தார் ஆலைத் தலைவர் ஜாங் ருயிமின்; தரத்தில் சமரசம் இல்லை என்று காட்டத்தான். அந்த ஆலைதான் பின்னாளில் ஹையர் ஆனது. 2016இல் அமெரிக்காவின் ஜிஇ வீட்டுச் சாதனப் பிரிவையே வாங்கியது. ஏற்றுமதி சரிந்த 2008 நெருக்கடியின்போது, கிராமத்தார் வாங்கும் சாதனங்களுக்கு 13 சதவீத மானியம் கொடுத்து அரசு ஆலைகளைத் தாங்கிப் பிடித்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், கம்ப்ரசர், மோட்டார், செம்புக் குழாய் எல்லாம் உள்நாட்டிலேயே கிடைப்பது. உலகின் ஏசிகளில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதற்கு மலிவான கூலியைவிட இதுவே பெரிய காரணம் என்பேன்.

சரி, இந்தியா? வாங்கும் ஆட்கள் ஏராளம்; ஏசி இல்லாத வீடுகளே இன்னும் மிக அதிகம். ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீசிட்டி, நொய்டாவில் பெரிய ஆலைகள் ஓடுகின்றன. குளிரூட்டும் கேஸ் நிரப்பிய ஏசி இறக்குமதிக்கு 2020 அக்டோபரில் தடை வந்தது. உள்ளே போகும் பாகங்களுக்கோ சீனாவைத்தான் பெரிதும் நம்பியிருந்தோம். 2021இல் ஏசி, எல்இடி விளக்குகளுக்கு அறிவித்த 6,238 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது: பாகங்கள் செய்தால்தான் பணம், வெறுமனே கோத்துக் கொடுத்தால் கிடையாது. இந்த நிபந்தனையை எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது.