குரோம் மேனிஃபெஸ்ட் வி3: பழைய எக்ஸ்டென்ஷனை மாற்றப் போகிறவர்களுக்கு

குரோம் எக்ஸ்டென்ஷன்கள் (பிரௌசரில் சேர்க்கும் சின்ன நிரல்கள்) எப்படி எழுதப்பட வேண்டும் என்ற விதிமுறைதான் மேனிஃபெஸ்ட், அது வி2-விலிருந்து வி3-க்கு மாறியிருக்கிறது. பாதுகாப்புக்காகத்தான் இந்த மாற்றம் என்று கூகுள் சொல்வதில் நியாயம் உண்டு, வெளி சர்வரிலிருந்து ஸ்கிரிப்டை இழுத்து ஓட்டுவதைத் தடுத்தது நல்ல காரியம். ஆனால் மாற்று வீடு கட்டி முடிக்கும் முன்பே காலி செய்யச் சொன்னால் எப்படி?

பெரிய குறை, பிரௌசர் இணையத்துக்கு அனுப்பும் கோரிக்கைகளைக் கையாளும் வெப்ரிக்வெஸ்ட் வசதியில்தான். வி2-வில் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷனே பார்த்து அந்த இடத்திலேயே தடுக்கும். இப்போது, நிறுவனங்கள் தங்கள் கணினிகளில் பாலிசி மூலம் போடும் எக்ஸ்டென்ஷன்கள் தவிர, மற்றதெல்லாம் விதிகளை முன்கூட்டியே எழுதி பிரௌசரிடம் ஒப்படைத்துவிட வேண்டும், முடிவெடுப்பது பிரௌசர். விளம்பரத் தடுப்பானான யூபிளாக் ஆரிஜினுக்கு வசதி குறைந்த லைட் பதிப்பு வந்ததே இதனால்தான்.

அப்புறம், எக்ஸ்டென்ஷனின் வேலைகள் பின்னால் ஓடிய பின்னணிப் பக்கத்துக்குப் பதில் இப்போது சர்வீஸ் வொர்க்கர் என்ற தேவைப்படும்போது மட்டும் ஓடும் ஸ்கிரிப்ட். 30 நொடி சும்மா இருந்தால் நின்றுவிடும், குளோபல் வேரியபிளில் வைத்ததெல்லாம் போச்சு, எல்லாவற்றையும் ஸ்டோரேஜில் எழுதித் திரும்பப் படிக்க வேண்டும். அதில் டாம் (DOM, பக்கத்தின் உறுப்புகளை நிரல் கையாளும் அமைப்பு) கிடையாது, ஒரு எச்டிஎம்எல் துண்டைப் பிரித்துப் படிக்கக்கூட ஆஃப்ஸ்கிரீன் டாக்குமென்ட் (திரையில் தெரியாத பக்கம்) தேவை, அதுவும் குரோம் 109-இல்தான் வந்தது. பயனர் தரும் ஸ்கிரிப்டுகளை ஓட்ட உதவும் யூசர்ஸ்கிரிப்ட் ஏபிஐக்கு குரோம் 120 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சின்ன பாப்அப், நாலைந்து செட்டிங்ஸ் என்றால் சரி, தயங்காமல் மாறலாம். வடிகட்டும் வேலைக்கு என் சிபாரிசு ஃபயர்பாக்ஸ், அங்கே வி3-யிலும் தடுக்கும் வெப்ரிக்வெஸ்ட் அப்படியே இருக்கிறது.