கல்கத்தாவில் வாங்கிய பழைய நிக்கான் டி500, சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நிக்கான் டி500, 2016-ல் வந்து 2022-ல் நிறுத்தப்பட்ட கேமரா. 20.9 மெகாபிக்சல், நொடிக்கு 10 படம், 153 ஃபோகஸ் புள்ளிகள். சென்சார் சின்னது என்பதால் 500 எம்எம் லென்ஸைப் போட்டால் 750 எம்எம் போட்ட மாதிரி நெருக்கமாகத் தெரியும், பறவை எடுக்கிறவர்கள் இன்னும் இதைத் தேடுவது அதற்காகத்தான். வேண்டுமென்றால் இனிப் பழசுதான். கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் எனக்குத் தோதாக எதுவும் அமையவில்லை. கல்கத்தாவில் ஒருவர் பாடியையும் (லென்ஸ் இல்லாத கேமரா) 200-500 எம்எம் லென்ஸையும் சேர்த்து விற்பதாகத் தெரிந்தது. விலை ஒன்றும் அடிமாட்டு விலை இல்லை, அதனாலேயே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஏனென்றால் அதற்கு முன்னால் பாதி விலைக்குத் தருகிறேன் என்ற ஒருவரிடமும் பேசியிருந்தேன். ராணுவத்தில் இருக்கிறாராம், மாற்றலாகிப் போகிறாராம். அடையாள அட்டை, குடும்பப் படம் எல்லாம் நாம் கேட்காமலே வந்து விழுந்தன, கேமராவை ஆன் செய்து காட்டுங்கள் என்றால் மட்டும் டியூட்டியில் இருப்பார். முன்பணம் அனுப்பினால் உடனே பார்சல் போட்டுவிடுவாராம். இது ஊரறிந்த மோசடி. முன்பணம் போனதும் ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ், டெபாசிட் என்று ஒவ்வொன்றாக வரும், எல்லாம் டெலிவரியில் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லியே கறப்பார்கள். யாராவது மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அப்போதுதான் வழி உண்டு.

கல்கத்தாக்காரர் வேறு மாதிரி. ஷட்டர் கவுண்ட் (கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை) பார்க்க ஒரு படம் கேட்டேன், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு இருக்கும் விவரமெல்லாம் கழன்றுவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்றேன், அலுத்துக்கொண்டே அனுப்பினார். நிக்கானில் அந்த எண்ணிக்கை படத்தின் கோப்பிலேயே இருக்கும் (கேனன் டிஎஸ்எல்ஆர் பெரும்பாலானவற்றில் இருக்காது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்). 40,000 சொச்சம். டி500-க்கு நிக்கான் சொல்லும் ஷட்டர் ஆயுள் 2 லட்சம், ஆக இன்னும் நிறைய ஓடும். பில்லில் இருந்த சீரியல் நம்பரும் பாடியில் இருந்ததும் ஒன்றுதான். எல்லாம் சரி, ஆனால் இதெல்லாம் நம் போன் திரையில் தெரிகிற சரிதான். பொருளைக் கையில் தொட்டுப் பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லாமல் பணம் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

திருப்பூரில் மாமாவுக்குப் பனியன் தொழில், கல்கத்தாவில் அவருக்கு ஏஜென்ட் உண்டு. அவரை அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"கேமராவப் பத்தி அந்தாளுக்கு என்ன தெரியும் கண்ணு? துணியத் தொட்டுப் பார்த்து எடை எத்தன ஜிஎஸ்எம்னு சொல்லுவான், அவ்வளவுதான்."

"தெரிய வேண்டியதில்லீங்க மாமா. போனப் பிடிச்சுக்கிட்டு நான் சொல்றதச் செஞ்சாப் போதும்."

உண்மையிலேயே அது போதும். வீடியோ காலில் நான் சொல்லச் சொல்ல ஏஜென்ட் செய்தார், விற்பவர் பக்கத்தில் நின்று உதவினார். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றிப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கல்கத்தா ஈரப்பதமான ஊர், பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரி இழை தெரியும், இதில் இல்லை. லென்ஸ் மாட்டும் வளையமான மவுன்ட்டைச் சுற்றியுள்ள திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். அப்புறம் எஃப்16-ல் (லென்ஸின் துளையைச் சின்னதாக்கி) வெள்ளைச் சுவரை ஒரு படம், மூடியைப் போட்டு இருட்டில் ஒரு படம்: முன்னதில் சென்சார் தூசி தெரியும், பின்னதில் செத்த பிக்சல். இரண்டு கார்டு ஸ்லாட்டிலும் எழுதுகிறதா என்று பார்த்தோம். எல்லாம் முடிந்த பிறகுதான், ஏஜென்ட் அங்கே நிற்கும்போதே, பில்லில் இருந்த அதே பெயருள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினேன். அடுத்த முறை திருப்பூர் வந்தபோது ஏஜென்ட்டே கையோடு கொண்டுவந்தார். கூரியரில்தான் வர வேண்டுமென்றால் பாடியையும் லென்ஸையும் கழற்றித் தனித்தனியாகக் கட்டி, மதிப்பை எழுதி இன்சூரன்ஸோடு அனுப்பச் சொல்லுங்கள், பிரிப்பதை முழுசாக வீடியோ எடுங்கள்.

இப்போது பயன்பாட்டுக்கு வருகிறேன். வீடியோ காலில் தெரியாமல் போனவை இரண்டு. ஒன்று பேட்டரி. செட்டப் மெனுவில் பேட்டரி இன்ஃபோ என்று இருக்கும், அதன் வயதை 0 முதல் 4 வரை காட்டும், 4 என்றால் மாற்ற வேண்டியது. கூட வந்த இரண்டில் ஒன்று 3. போதாததற்கு லை-அயன்01 என்று அச்சிட்ட பழைய வகை, அது டி500-ல் சீக்கிரம் இறங்கும் என்பது கேமரா வந்த புதிதிலேயே எல்லோரும் புலம்பியதுதான். புதுசு ஒன்று வாங்கினேன். இரண்டாவது, 500 எம்எம்-ல் ஃபோகஸ் கொஞ்சம் முன்னால் விழுந்தது. லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்துவிட்டு ஃபோகஸ் மோடு பட்டனையும் வீடியோ பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் கேமராவே அதைச் சரிசெய்துகொள்ளும், டி500-ல் இருக்கும் அருமையான வசதி இது. அதற்குப் பிறகு திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் நத்தைகுத்தி நாரையின் கண் கூராக விழ ஆரம்பித்தது.

லென்ஸ் 2.3 கிலோ. ஈரோடு பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் கரையில் உட்கார்ந்து எடுக்கும்போது கனம் தெரியாது, வால்பாறையில் இருவாச்சி பின்னால் நடக்கும்போது தோள்பட்டை இறங்கிவிடும். ஜூம் செய்தால் நீளுகிற லென்ஸ் என்பதால் தூசியை உள்ளே இழுக்கிறது, படத்தில் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிட்டேன். வால்பாறை மழைக்கு இது ஏற்ற லென்ஸ் இல்லை. நனைந்தால் துடைத்துக் காயவைத்துவிட்டு, சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன், 40-50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். பூஞ்சை இதுவரை இல்லை. பாடியில் கார்டு மூடிப் பக்கம் ரப்பர் கிளம்பியது, கோயமுத்தூரில் ரிப்பேர் பார்ப்பவர் ஒட்டிக்கொடுத்தார். எக்ஸ்கியூடி என்ற பழைய வகை மெமரி கார்டுதான் தலைவலியாக இருக்கும் என்று பயந்தேன், 2020 கடைசியில் வந்த ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றினால் புது வகையான சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டையும் எடுத்துக்கொள்கிறது, அந்தக் கவலையும் போச்சு.

கல்கத்தாக்காரர் அவ்வப்போது நான் எடுத்த படங்களைக் கேட்பார், அனுப்புவேன். மற்றபடி அவரைப் பற்றிக் குறையே இல்லை.

நம் பக்கத்தில் வெளியூருக்குப் போகிற ஆளுக்கா பஞ்சம்? கரூர் ஜவுளிக்காரர்கள், நாமக்கல் லாரிகள், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் போகாத ஊர் இல்லை, விசாரித்தால் யாராவது ஒருவர் அகப்படுவார். இப்போது பிஎஃப் என்கிற எடை குறைந்த வகை 500 எம்எம் லென்ஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்றரைக் கிலோ கூட இல்லை. விற்பவர் இருப்பது குவாஹாத்தியில், விலையும் நியாயமாகத்தான் சொல்கிறார், ஆனால் மாமாவுக்கு அங்கே ஏஜென்ட் இல்லை. உங்களுக்குத் தெரிந்த வண்டி ஏதாவது அந்தப் பக்கம் ஓடினால் சொல்லுங்க.