எண்ணுவதும் ஊன்றிப் படிப்பதும்

தூக்கமின்மை பற்றிய இருபது நேர்காணல்கள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை உள்ளடக்கப் பகுப்பாய்வு, கருப்பொருள் பகுப்பாய்வு என்ற இரு வழிகளில் ஆராயலாம். உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்பவர் வகைகளை வரையறுத்து, ‘பயம்’ எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுவார். இருவர் தனித்தனியே எந்த இடம் எந்த வகை என்று குறியிட்டு, 1960இல் உளவியலாளர் கோஹன் தந்த கப்பா அளவையால் ஒத்துப்போகிறார்களா என்று பார்ப்பதும் உண்டு.

“விளக்கை அணைத்தால் வீடு பெரிதாகிவிடுகிறது” என்கிறார் ஒருவர். பயம் என்ற சொல்லே இதில் இல்லை. சொற்களை மட்டும் எண்ணினால் நழுவிவிடும். சொற்களுக்குப் பின்னால் உள்ள பொருளைத் தேடும் கருப்பொருள் பகுப்பாய்வுக்கோ இந்த ஒரு வரியே வாசல். உளவியலாளர்கள் பிரானும் கிளார்க்கும் 2006இல் வகுத்த ஆறு கட்டங்கள் இதற்கு வழிகாட்டி. ‘கருப்பொருள்கள் தாமாக வெளிப்பட்டன’ என்று எழுதுவதைப் படித்தால்தான் எனக்கு எரிச்சல் வரும். அவற்றைக் கட்டுவது ஆய்வாளர்தானே!

ஆயிரக்கணக்கான செய்தி நறுக்குகள் என்றால் எண்ணும் முறையையே எடுப்பேன்.