பெங்களூரில் ரெஃபரன்ஸ் பட்டியலைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரில் மருத்துவ மேற்படிப்பு படிக்கிறவர்களும், கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர்களாக இருக்கிறவர்களும் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். உலகத்திலேயே இல்லாத நான்கு ஆய்வுக் கட்டுரைகள், என் பெயர் தாங்கிய கட்டுரையில் ரெஃபரன்ஸ்களாக, அதாவது நான் சான்று காட்டும் ஆய்வுகளாக ஏறி, ஓர் இதழாசிரியரின் பார்வைக்குப் போயின. அவற்றை ஏற்றியது நான் 7,700 ரூபாய் கொடுத்த ஒரு கடை.

எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். ஒன்பது ஆண்டுகளாக இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைத் துறையில் இருக்கிறேன். நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்ணைப் பற்றி மூன்று ஆண்டுகள் சேர்த்த விவரங்களை வைத்துக் கட்டுரை எழுதினேன். எழுதும்போது ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டே போவது என் வழக்கம். இதழ் கேட்டதோ வான்கூவர் முறை. 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் குழுவிடமிருந்து அந்தப் பெயர் வந்தது. உரையில் எது முதலில் வருகிறதோ அதற்கு 1, அடுத்ததற்கு 2 என்று எண் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். என்னிடம் 62 ரெஃபரன்ஸ்கள் இருந்தன. இரவுப் பணி, வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன். என்னோடு பணியாற்றும் ஜூனியர் டாக்டர், "அக்கா, ஜெயநகரில் ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டிங் போடுகிற கடை இருக்கிறது, நம் ஊர்க்காரர்தான், அவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

கடைக்காரருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம். "ஒரு ரெஃபரன்ஸுக்கு நூறு ரூபாய், டாக்டரம்மா. இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பார்கள். நீங்கள் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி" என்றார். தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் என் மனம் இளகிவிட்டது. எப்படிச் செய்வீர்கள், எதைப் பார்த்துச் சரிபார்ப்பீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கட்டுரையோடு, நான் படித்த அத்தனை ஆய்வுகளின் பிடிஎஃப் கோப்புகளையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நான்கு நாளில் வேலை முடிந்து வந்தது. எண்கள் மேல்குறியாக, இதழ்ப் பெயர்கள் சுருக்கமாக, புள்ளியும் அரைப்புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தன. மீதிப் பணத்தை உடனே அனுப்பினேன்.

இதழ் அலுவலகம் ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பியது. அட்டவணையில் மட்டும் வருகிற ரெஃபரன்ஸுக்கு, அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை ஒட்டித்தான் எண் வர வேண்டும். என் கட்டுரையில் அப்படி இருந்த எட்டையும் கடையில் கடைசியில் தள்ளி 55 முதல் 62 வரை எண் போட்டிருந்தார்கள். திருத்துவதற்கு 1,500 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். எண்கள் எல்லாம் கையால் தட்டச்சு செய்யப்பட்டவை என்பது அப்போதுதான் தெரிந்தது. சோட்டெரோ, எண்ட்நோட் போன்ற மென்பொருளில் செய்திருந்தால் நடுவில் ஒன்றைச் சேர்த்தாலும் மற்றவை தாமாக மாறிக்கொள்ளும். சோட்டெரோவுக்குப் பணம்கூடக் கட்ட வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்த கடிதம்தான் என்னை உடைத்தது. 17-ஆவது ரெஃபரன்ஸை எங்கே தேடியும் காணவில்லை என்று மதிப்பாய்வாளர் எழுதியிருந்தார். 31-ஆவது, வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரை. 44-ஆவதின் டிஓஐ எண்ணை, அதாவது இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் எண்ணைத் தட்டினால் கண் நோய்க் கட்டுரை ஒன்று திறக்கிறது. இதழாசிரியர் விளக்கம் கேட்டிருந்தார். கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதியவர் என்பதால் எங்கள் துறைத் தலைவருக்கும் அதன் நகல் போயிருந்தது. அவர் கடிந்து பேசவில்லை. "எதை நம்பி என் பெயரையும் சேர்த்துப் போட்டாய் அம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டு இரவுகள் உட்கார்ந்து 62-ஐயும் ஒவ்வொன்றாகப் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தேடல் தளத்தில் தேடினேன். நான்கு எங்குமே இல்லை. ஒன்பதின் டிஓஐ எண் தவறு. நான் முன்பு எழுதிய கட்டுரைக்கான ரெஃபரன்ஸிலேயே என் பெயர் தலைகீழாகியிருந்தது. முருகன் எஸ் என்று வர வேண்டிய இடத்தில் எஸ் எம் என்று வந்தால் எப்படியோ, அப்படி. தந்தை பெயரின் முதலெழுத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது, உங்கள் பட்டியலிலும் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட அந்த ஒன்று என் பிழையும்தான். நான் படித்தபோது அது நல்ல நிலையில் இருந்தது, அனுப்பும் முன் மறுபடி பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் 17-ஆவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆன்டிபயாடிக்கை எத்தனை நாள் கொடுக்கலாம் என்று நான் எழுதிய வாக்கியத்துக்கு அதுதான் சான்று. நான் படித்து, கடைக்குக் கொடுத்தது உண்மையான ஆய்வு. பட்டியலில் இருந்ததோ நிஜமான இதழின் பெயர், நம்பும்படியான ஆசிரியர் பெயர்கள், தொகுதி எண், பக்க எண் எல்லாம் கொண்ட, எவரும் எழுதாத கட்டுரை. அதை நம்பி எங்கோ ஒரு மருத்துவர் மருந்தை நிறுத்தியிருந்தால், போவது நோயாளியின் கால்.

கடையில் தட்டச்சு செய்யும் பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். என் கட்டுரை முழுவதையும் ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியில் ஒட்டி, வான்கூவர் பட்டியல் போட்டுக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். பிடிஎஃப் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. இன்னும் வெளிவராத என் ஆய்வு முடிவுகள் என்னைக் கேட்காமலே அங்கே போயிருக்கின்றன. முதலாளியிடம் கேட்டபோது, "அடுக்கிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை, உள்ளே இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு, டாக்டரம்மா" என்றார். பொறுப்பு என்னுடையதுதான். பப்மெட்டிலோ மூலக் கட்டுரையிலோ ரெஃபரன்ஸ்களைச் சரிபார்க்கும்படி சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் பரிந்துரையே சொல்கிறது. ஆனால் சரிபார்க்கிறேன் என்று சொல்லித்தானே அவர் பணம் வாங்கினார்? அன்று மாலையே என் எண்ணை முடக்கிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அவர் கொடுத்த ரசீதில் "டிடிபி வேலை" என்று மட்டுமே இருக்கிறது. சரிபார்ப்பதாகச் சொன்னது எங்கும் எழுத்தில் இல்லை.

கட்டுரையை இதழ் நிராகரித்துவிட்டது. யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், என்ன வேலை என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். வேர்ட் கோப்போடு சோட்டெரோ தொகுப்பையும் சேர்த்துக் கேளுங்கள்; தர முடியாது என்றால் அங்கே கொடுக்காதீர்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் பத்து டிஓஐ எண்களையாவது நீங்களே தட்டிப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை பட்டியலில் இருந்தால் சோட்டெரோ எச்சரிக்கும்.

சென்ற வாரம் எங்கள் துறை மாணவர் ஒருவர் அதே கடையின் ரசீதோடு வந்தார். 40 ரெஃபரன்ஸ், 4,000 ரூபாய். இரவு பதினொன்று வரை இருவரும் உட்கார்ந்து தேடினோம். இரண்டு எங்குமே இல்லை. நல்ல வேளை, அவர் இன்னும் கட்டுரையை அனுப்பியிருக்கவில்லை.