சுங்கை சிப்புட் அணிச்சல் சாமான் கடையும் நனிசைவப் பழ மஃபினும்

முட்டையோ பாலோ வெண்ணெயோ தேனோ சேராத நனிசைவப் பழ மஃபினை வீட்டிலேயே சுட நினைப்பவர்களுக்காக, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவரிசையில் இருக்கும் அணிச்சல் (கேக்) சாமான் கடையைப் பற்றி எழுதுகிறேன். ஈப்போவுக்குப் போனால் பெரிய கடைகளில் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் தோட்டத்திலிருந்தோ தாமான் குடியிருப்பிலிருந்தோ மோட்டார் சைக்கிளில் வந்து, வாரச் சாமான்களோடு இதையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இந்தக் கடைதான். மஃபினுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி இங்கே கிடைக்கிறது என்பதும், கிடைப்பதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட முடியாது என்பதும் என் முடிவு.

கடையின் முதல் சிறப்பு சில்லறை எடை. ஆளி விதை 50 கிராம், பழுப்புச் சர்க்கரை 200 கிராம், இலவங்கப் பட்டைத் தூள் ஒரு சிறு பொட்டலம் என்று தேவைக்கு ஏற்ற அளவில் வாங்கலாம். நம் ஊரின் ஈரக் காற்றில் பாதி திறந்த பெரிய பொட்டலம் எதுவும் நெடுநாள் தாங்குவதில்லை. சர்க்கரை கட்டி தட்டும், பருப்பு வகைகள் காறிப்போகும். எப்போதாவது ஒரு தட்டு மஃபின் சுடும் வீட்டுக்கு ஒரு கிலோ ஆளி விதை எதற்கு? சம்பளத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பங்கள் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துணிவதற்கு இந்தச் சில்லறை எடை எவ்வளவு உதவுகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆளி விதையை இங்கே முழுதாகவே விற்கிறார்கள். சிலருக்கு அது குறையாகப் படலாம். என் கணக்கில் அது நன்மை. அரைத்த ஆளி விதையில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டு விரைவில் கெடும். அந்தக் கசப்பு மஃபினில் அப்படியே தெரியும். முழு விதையை வாங்கி, வேண்டும்போது மசாலா அரைக்கும் சிறிய அரைப்பானில் பொடித்துக்கொள்வதே நல்லது. ஒரு மேசைக்கரண்டிப் பொடிக்கு மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால், கரண்டியைத் தூக்கும்போது நூல் விட்டு வழியும் அளவுக்கு அது கொழகொழவென்று ஆகிவிடும். ஒரு முட்டைக்குப் பதிலாக இந்த அளவு போதும். ஆனால் முட்டை செய்யும் வேலைகள் பல: மாவைப் பிணைக்கும், ஈரம் தரும், வெந்ததும் இறுகி உருவத்தைத் தாங்கும், காற்றைப் பிடித்து வைத்து உப்பவும் வைக்கும். ஆளி விதை பிணைப்பையும் ஈரத்தையும் தரும். உப்ப வைக்கும் வேலையைச் சோடாவும் பேக்கிங் பவுடரும்தான் செய்தாக வேண்டும். அதனால் நனிசைவ மஃபினில் அவை இரண்டும் வீரியத்தோடு இருப்பது மிக முக்கியம்.

கடையின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறையும் இங்கேதான். பேக்கிங் பவுடரையும் சமையல் சோடாவையும் பெரிய மூட்டையிலிருந்து பிரித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைகளில் கட்டி விற்கிறார்கள். பைகளில் காலாவதி நாளும் இல்லை, பிரித்துக் கட்டிய நாளும் இல்லை. பேக்கிங் பவுடரில் அமிலமும் காரமும் உலர்ந்த நிலையில் ஒன்றாகவே கலந்திருப்பதால், ஈரம் புகுந்தால் பைக்குள்ளேயே வினை நடந்து வீரியம் குறைந்துவிடும். நான் அங்கே வாங்கிய ஒரு பை அப்படித்தான் இருந்தது. மஃபின் எழும்பாமல், அடி கனத்துக் களியாக நின்றது. இதை வீட்டில் சோதிப்பது எளிது. பேக்கிங் பவுடரில் ஒரு தேக்கரண்டி எடுத்துச் சூடான தண்ணீரில் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சமையல் சோடாவுக்குத் தண்ணீர் போதாது. அதன் மீது சிறிது காடி ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரை சோம்பலாக வந்தால் அந்தப் பையை ஒதுக்கிவிடலாம். மூடியிட்ட டப்பாவில் நாள் அச்சிட்ட பேக்கிங் பவுடரும் அதே கடையில் மேல் தட்டில் இருக்கிறது. விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்கச் சொல்வேன். சில்லறை எடையின் பயன் இந்த ஒரு பொருளுக்கு மட்டும் பொருந்தாது.

மாவைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. சாதாரணக் கோதுமை மாவே போதும். அணிச்சலுக்கென்று விற்கும் மிக மென்மையான மாவில் புரதம் குறைவு, முட்டையும் இல்லாதபோது மஃபின் உதிர்ந்து போகிறது. எண்ணெய்க்கு நம்மைச் சுற்றி வளரும் செம்பனையின் சமையல் எண்ணெய் தாராளமாகப் போதும். அதற்குத் தனி மணம் கிடையாது என்பதால் பழத்தின் மணம் முன்னுக்கு வருகிறது.

பொருள் அட்டைகளை வாசிப்பதில் கவனம் வேண்டும். கடையின் முன்பக்க அடுக்கில் ‘சைவம்’ என்று கையால் எழுதி ஒட்டிய மஃபின் கலவைப் பொட்டலங்கள் இருக்கின்றன. தண்ணீரும் எண்ணெயும் சேர்த்துச் சுட்டால் போதும் என்று அவற்றின் மீது போட்டிருக்கிறது. புரட்டாசியில் இவை வேகமாக விற்றுப் போகின்றன. அட்டையின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், பால் சார்ந்த பொருள் இருப்பதாக மலாய் மொழியில் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். மலேசியாவின் 1985 உணவு ஒழுங்குமுறை விதிகளின்படி, பால், முட்டை, பசைப்புரதம் உள்ள தானியம், கடலை, சோயா, மீன் ஆகியவை சேர்ந்திருந்தால் அட்டையில் குறிப்பிட்டாக வேண்டும். ஆகவே ‘சூசு’ (பால்), ‘தெலோர்’ (முட்டை) என்ற இரண்டு மலாய்ச் சொற்களைத் தேடிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மார்ஜரினிலும் இதே பார்வை தேவை. தாவர எண்ணெயில் செய்தது என்று முகப்பில் பெரிதாகப் போட்டுவிட்டு, உள்ளே பால் திடப்பொருள் சேர்க்கும் வகைகள் உண்டு. மஃபினின் மேலே தூவும் வண்ண மணிகளில் 120 என்ற எண் இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமி. 904 என்றால் அரக்குப் பூச்சியின் சுரப்பு. ஹலால் முத்திரை இருப்பதை வைத்து நனிசைவம் என்று முடிவு கட்ட முடியாது. அந்த முத்திரை வேறொன்றுக்கு உறுதி சொல்வது.

கடைக்கார அக்கா இந்த விஷயத்தில் நேர்மையானவர். ஒரு முறை, பக்கத்தில் நின்ற இளம்பெண் அந்தக் கலவைப் பொட்டலத்தை எடுத்து, “அக்கா, எங்க வூட்டுக்காரர் பால்கூட தொடமாட்டாரு, இது ஆகுமா?” என்று கேட்டார். அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, “இது வெரதத்துக்கு ஆகும்மா, உங்க வூட்டுக்காரருக்கு ஆகாது, பால்மாவு இருக்கு. நீ மாவு தனியா வாங்கிக்க, நான் சொல்லித் தரேன்” என்றார். அதிக விலைப் பொருளைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுக் குறைந்த விலைப் பொருளை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் அரிது. அதே நேர்மை அந்த அடுக்கின் மீது ஒட்டிய சீட்டிலும் இருந்திருக்கலாம். ‘பால் உண்டு, முட்டை இல்லை’ என்று எழுதி வைக்க ஒரு நிமிடம் ஆகாது.

பழத்துக்கு மட்டும் இந்தக் கடைக்குப் போக வேண்டாம். அங்கே விற்கும் கலப்பு உலர்பழம் சர்க்கரைப் பாகில் ஊறி, எல்லாத் துண்டுகளும் ஒரே சுவையில் இருக்கிறது. உறைபெட்டியில் வைத்திருக்கும் இறக்குமதி நீலப் பெர்ரி விலை மிகுந்தது. சோடா சற்றுக் கூடினால் அதன் சாறு பட்ட இடமெல்லாம் பச்சையாகவும் மாறும். காலைச் சந்தையில் நம் பழங்கள் குவிந்து கிடக்கும்போது அதற்கு என்ன அவசியம்? வாழையில் பெராங்கான் வகை மஃபினுக்கு மிகவும் பொருந்துகிறது: சதை மாவுத் தன்மையோடு இருக்கும், மசித்தால் நீர்க்காது, மணமும் நிற்கும். பீசாங் மாஸ் இன்னும் இனிப்பு, ஆனால் சிறியது என்பதால் நிறைய உரிக்க வேண்டும். எதுவானாலும் தோலில் கரும்புள்ளிகள் நிறைந்து, கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுக்கும் நிலைக்கு வந்த சீப்பைத் தேர்ந்தெடுங்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி முடிந்த பழம் அதுதான்.

பலாச்சுளையைச் சுண்டுவிரல் நக அளவில் நறுக்கிச் சேர்த்தால், சூட்டில் அதன் வாசம் குறையாமல் வீடு முழுவதும் நிறைகிறது. என் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். அன்னாசியை அப்படியே போடக் கூடாது. அதன் நீர் மாவை நசநசக்கச் செய்துவிடும். துண்டுகளைச் சிறிது சர்க்கரையோடு வாணலியில் நீர் வற்றும்வரை வதக்கி, ஆறிய பிறகு சேர்த்தால் புளிப்பும் இனிப்பும் செறிந்து நிற்கும். மாம்பழம் கெட்டியாகப் பழுத்ததாக இருந்தால் நன்று. பப்பாளி வேண்டவே வேண்டாம், நீரும் அதிகம், வெந்த பிறகு சுவையும் தங்குவதில்லை. சிவப்பு டிராகன் பழத்தின் நிறத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. அடுப்புச் சூட்டில் அந்த நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும்.

இந்தக் கடைச் சாமான்களையும் சந்தைப் பழத்தையும் வைத்து நான் சுடும் அளவைச் சொல்கிறேன். 12 மஃபின்கள் வரும். கோதுமை மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பட்டைத் தூள் ஒரு சிட்டிகை ஆகியவற்றை ஒன்றாகச் சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் தோல் நீக்கி மசித்த வாழைப்பழம் 300 கிராம், பழுப்புச் சர்க்கரை 120 கிராம், எண்ணெய் 80 மில்லி, மேலே சொன்ன அளவில் ஊற வைத்த ஆளி விதை, ஒரு மேசைக்கரண்டி காடி கலந்து திரிந்த சோயா பால் 120 மில்லி. சோயா பாலின் புரதம் காடி பட்டதும் திரிந்து மோரைப் போல ஆகும். அந்தப் புளிப்பு சோடாவோடு சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்கி மஃபினை எழுப்புகிறது. கடைத்தெருவில் விற்கும் சோயா பாலில் சர்க்கரை கலந்திருக்கும், ஆகவே இனிப்பில்லாததைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பழுப்புச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈரக் கலவையை உலர்ந்த மாவில் ஊற்றிய பிறகு கை அடக்கம் வேண்டும். அகப்பையால் அடியிலிருந்து மேலாக மெல்லப் புரட்டி, உலர் மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும். சிறு சிறு கட்டிகள் இருப்பதில் தவறில்லை. ரொட்டி மாவு பிசைவதுபோல் அடித்துக் கலக்கினால் மாவின் பசைப்புரதம் இழுபட்டு வலுத்து, மஃபின் ரப்பராகி உள்ளே நீண்ட துளைகள் விழும். கடைசியில் 150 கிராம் பழத் துண்டுகளைச் சேர்த்து, காகிதக் கிண்ணங்களில் முக்கால் பாகம் நிரப்பி, முன்பே சூடேறிய ஓவனில் 190 பாகையில் 22 முதல் 25 நிமிடம் சுட வேண்டும். நடுவில் குத்திய பல்குச்சி ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது; பழத்துண்டில் குத்திவிட்டால் குச்சி ஈரமாகத்தான் வரும், வேறிடத்தில் குத்திப் பாருங்கள்.

காகிதக் கிண்ணங்கள் இந்தக் கடையில் தரமானவை, எண்ணெய் வெளியே ஊறுவதில்லை, மஃபினும் ஒட்டாமல் உரிந்து வருகிறது. தகர அச்சுகள் மெலிந்தவை, சூட்டில் நெளிகின்றன. ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றையும் விற்கிறார்கள், அதை அவசியம் வாங்கச் சொல்வேன். நம் வீடுகளில் இருக்கும் சிறிய மேசை ஓவன்களின் குமிழ் 190 என்று காட்டும்போது உள்ளே சூடு மிகவும் குறைந்திருப்பதும் உண்டு, கூடியிருப்பதும் உண்டு. வெந்து எழுந்து வந்து, வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கிப் போகும் மஃபின்களில் பலவற்றுக்கு இந்தச் சூட்டு வேறுபாடே காரணம்.

விலை நியாயமானது, ஈப்போவுக்குப் போய்வரும் பெட்ரோல் செலவையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இங்கே வாங்குவதே கட்டுபடியாகிறது. ஆளி விதை, சர்க்கரை, பட்டைத் தூள், காகிதக் கிண்ணம், வெப்பமானி ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். பையில் கட்டிய பேக்கிங் பவுடர், கலவைப் பொட்டலம், உலர்பழம் மூன்றையும் தவிர்க்கலாம். பிரித்துக் கட்டும் பைகளில் நாள் குறித்து ஒட்ட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். செய்வதாகச் சொன்னார், இன்னும் சீட்டு வரவில்லை. நீங்களும் போகும்போது கேளுங்கள், பலர் கேட்டால் நடக்கும். முற்பகலில் போவது நல்லது, அப்போதுதான் அவர் கல்லாவில் இருப்பார். மாலையில் உதவிக்கு நிற்கும் பிள்ளைகள் எடை போட்டுக் கொடுப்பார்களே தவிர, எதில் பால் இருக்கிறது, எதில் இல்லை என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.